கடைசி வரிக்கு முன்னால் நாலு இடம்

பரளச்சி வழி
18.2.2025

அன்பும் அறிவும் அதற்கு மேல் சம்பளமும் பெருகிய மருமகள் ஜோதிகாவுக்கு,

ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியின் ஏகச் சக்கரவர்த்தியும், மோட்டார் ரூமின் மூன்று சாவிகளுக்கும் அதிபதியும், உன் அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பியுமான சீனிச்சாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் இடது முழங்காலும் வெள்ளாடும் சுகம். வலது முழங்காலைப் பற்றித் தனிக் கடுதாசி போடுகிறேன். அவ்விடம் உன் உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மெட்ராஸ் காற்றில் இருமல் வந்ததா என்றெல்லாம் தெரிவிக்கவும்.

ஊர் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்கக் கை வரமாட்டேன் என்கிறது, எதுவானாலும் கடுதாசி போடுங்கள் மாமா என்று உன் அம்மா கருமாதி அன்று சொல்லிவிட்டுப் போனாய். நாலு மாதமாக நான் போனைத் தொடவில்லை. இன்று இந்தக் கடுதாசியைப் போடத் தபால் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஓணான் ஒன்று மூன்று தலைமுறையாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. அதைக் காலி பண்ண வைக்க நானும் தபால்காரரும் பட்ட பாடு தனிப் புராணம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா திரும்பப் பேசுகிறாள்.

பயப்படாதே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் ரூமில் நீ ஒரு சின்னப் பெட்டி வைத்துக் கொடுத்தாயே, காலை ஆறு மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் தொட்டியைப் பார்த்து, நிறைந்திருந்தால் வால்வைத் திறந்து, உன் அம்மா குரலில் ஊரைக் கூப்பிடும் பெட்டி. அந்தக் குரல்தான். "ஏ தாயிகளா, தண்ணி வந்துருச்சு. கொடத்தத் தூக்கிட்டு வாங்க. தள்ளாம வரிசையா நில்லுங்க." அப்புறம் மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்து "போதுமாலே?" என்று கேட்டாளே, அதுவும் சேர்த்துத்தான்.

சங்கடம் என்னவென்றால், தை பிறந்ததிலிருந்து தொட்டி நிறையவே இல்லை. போர்வெல்லில் வருகிறது கால் தொட்டி. அதை நான் கையால் திறந்து விடுகிறேன். தண்ணீர் இல்லாதபோது பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பத்து நாளாக அது காலையிலும் மூன்று மணிக்கும் தவறாமல் கூப்பிடுகிறது. மூன்று மணி வெயிலில் கரிசல் மண் ஆளை விழுங்குகிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போது, ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்காதபோது, செத்துப் போனவள் குரல் தொட்டி மேலிருந்து வருகிறது. முதல் நாள் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். குழாயில் காற்று மட்டும் வந்தது. இரண்டாம் நாள் பாதிப் பேர். இப்போது அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

வருகிறவள் முத்துப்பேச்சி ஒருத்திதான். நூறு நாள் வேலைக்கு உன் அம்மாவோடு ஜோடியாகப் போனவள். "தண்ணி இல்ல, போத்தா" என்றேன். "சௌந்தரக்கா கூப்புட்டு நான் என்னைக்குண்ணே வராம இருந்திருக்கேன்?" என்று வெறுங்குடத்தோடு நின்றாள்.

நான் பெட்டியைத் தூசி தட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பரிகாரம் உண்டானால் எழுதவும்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்காத மாதிரி நடிக்கும் மாமன்,
சீனிச்சாமி


சென்னை
27.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், அது பெரும்பாலும் மாலை ஐந்து மணி வேளை. உங்கள் இரண்டு முழங்கால்களின் நலமும் அறிய ஆவல்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு யோசித்தேன். பெட்டிக்குத் தானாக எதுவும் செய்யத் தெரியாது. நான் எழுதி வைத்ததை மேலிருந்து கீழே படித்து, அப்படியே செய்யும். அதில் ஏதோ மாறியிருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் இல்லை, இங்கிருந்து பார்க்க முடியாது. நீங்கள் திரையைப் போட்டு, அதில் இருப்பதை ஒரு தாளில் அப்படியே எழுதி அனுப்புங்கள். உங்களுக்குப் புரியட்டும் என்று கட்டளைகளைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். மொத்தம் ஐந்தே வரி. யாரிடமாவது டச் போன் வாங்கிப் படம் எடுத்தாலும் சரி.

ஊருக்கு இப்போது வர முடியாது மாமா. வேலை இருக்கிறது.

அன்புடன்
ஜோதிகா


பரளச்சி வழி
6.3.2025

கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் மருமகளுக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. இவ்விடம் வெயில் சுகம், நாங்கள் அப்படியப்படியே. பஸ்ஸுக்குள் ஏறினால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, பிடித்தால் கை வெந்து எடுக்க வேண்டியிருக்கிறது. வீரசோழனில் ஒருவர் சைக்கிளை வெயிலில் நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தால் டயர் உருகி ரோட்டோடு ரோடாகப் போயிருந்ததாம். நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவனைப் பார்த்தேன்.

படம் எடுக்கும் போன் தலைவர் இன்பராஜிடம் இருக்கிறது. கேட்டால் ஊரே தெரிந்துகொள்ளும். எனவே என் பொன்னான கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிசகு இல்லை. நாலு தடவை ஒப்பிட்டேன்.

தினம் காலை ஆறு, பகல் மூன்று மணிக்கு:
தொட்டி மட்டத்தைப் பார்
தொட்டி நிறைந்திருந்தால்:
வால்வைத் திற
அம்மா குரலை ஒலி

நேற்று மூன்று மணிக்கு நான் ரூமுக்குள்ளேயே இருந்தேன். வெளியே குழாயடியில் கேட்பது வேறு, ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து கேட்பது வேறு. "தண்ணி வந்துருச்சு" என்பதற்கு முன்னால் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது. வளையல் மைக்கில் இடிக்கிறது. "போதுமாலே?" என்றாள். நான் பதில் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது வேண்டாம்.

முத்துப்பேச்சி உன்னைக் கேட்டாள். "ஜோதிகா மெலிஞ்சிருச்சாமே, யாரு பாத்தா?" என்றாள். யாரும் பார்க்கவில்லை என்றேன்.

இப்படிக்கு
சகல கலைகளிலும் அரைகுறை,
சீனிச்சாமி


சென்னை
15.3.2025

அன்புள்ள மாமா,

நலம். நீங்களும் வெள்ளாடும் நிழலில் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் எல்லா வரியையும் தாளின் ஓரத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறீர்கள். வரிக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தை விட்டுவிட்டீர்கள். இந்த மொழியில் அந்தக் காலி இடமும் எழுத்து மாதிரிதான். இப்படிப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடம்:

தினம் காலை ஆறு, பகல் மூன்று மணிக்கு:
····தொட்டி மட்டத்தைப் பார்
····தொட்டி நிறைந்திருந்தால்:
········வால்வைத் திற
········அம்மா குரலை ஒலி

தோட்டத்தில் பாத்தி கட்டுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். "நிறைந்திருந்தால்" என்பது ஒரு வாய்மடை. அதற்குக் கீழே இன்னும் உள்ளே தள்ளி நிற்கும் இரண்டு வரியும் அந்த மடையை நம்பிய பாத்திக்குள் இருப்பவை. மடை திறந்தால்தான் அவற்றுக்கு உயிர். அதே வரியை நாலு இடம் வெளியே இழுத்துவிட்டால் அது வரப்புக்கு வெளியே வந்துவிடும். தொட்டி நிறைந்ததா இல்லையா என்று கேட்காது. ஆறு மணிக்கும் மூன்று மணிக்கும் தானாக ஓடும்.

கடைசி வரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "வால்வைத் திற" என்பதற்கு நேர் கீழே இல்லாவிட்டால், அந்த வரியின் தலையில் நின்று, கீபோர்டின் அடியில் இருக்கும் நீளக் கட்டையை நாலு தட்டுத் தட்டிச் சேமித்துவிடுங்கள். அவ்வளவுதான். பேயும் இல்லை, பரிகாரமும் இல்லை.

வெறும் தூசிக்கு அது நகராது மாமா.

அன்புடன்
ஜோதிகா


பரளச்சி வழி
24.3.2025

கண்ணுக்குத் தெரியாததைக்கூட எண்ணிவிடும் மருமகளுக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. சுகம். பங்குனிப் பொங்கலுக்கு ஊர் சாட்டியாகிவிட்டது. நீ வருவாயா என்று நாலு பேர் கேட்டார்கள். வேலை என்று நானே சொல்லிவிட்டேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இளவயதில் ஆறு வருஷம் திருச்சுழியில் பத்திரம் எழுதும் மாரிச்செல்வம் அண்ணாச்சியிடம் கைக்கு உதவியாக இருந்தேன் அல்லவா. அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், பத்திரத்தில் இடம் விடாதே. "நீ விட்ட எடம் எதிராளிக்கு எழுதிக் குடுத்த நெலம்லே" என்பார். வரிக்கு முன்னால் ஒரு விரற்கடை விட்டால் அதில் எவனாவது ஒரு வார்த்தையைச் சொருகி நாலு ஏக்கரை அடித்துவிடுவான். இடம் இருந்தால் கோடு போட்டு அடைக்க வேண்டும். அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கிறது.

தை கடைசி வாரத்தில் தூசி தட்டும்போது திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவ்வளவு காலி இடம். படித்த பிள்ளை இப்படி ஏமாளியாக எழுதியிருக்கிறதே என்று மனது பதறிவிட்டது. கீழேயிருந்து ஆரம்பித்தேன். கடைசி வரியை நாலு இடம் இழுத்தேன், சேமித்தேன், கரண்டு போய்விட்டது. ஊராட்சி மின்சாரத்துக்கு என் வாழ்நாளில் முதல் முறையாக நன்றி. இன்னும் ஐந்து நிமிஷம் இருந்திருந்தால் எல்லா வரியையும் ஓரத்தோடு ஓரமாக அடைத்து, உன் பெட்டியை ஊமையாக்கியிருப்பேன்.

நேற்று நாலு தட்டுத் தட்டினேன். இன்று காலை ஆறு மணிக்குச் சத்தமில்லை. மூன்று மணிக்கும் இல்லை. முத்துப்பேச்சி மட்டும் தெருமுனை வரை வந்து, தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஒரு வரியை நாலு விரற்கடை நகர்த்தினால் செத்தவள் பேசுகிறாள், திரும்ப நகர்த்தினால் பேச்சை நிறுத்துகிறாள். இதைக் கண்டுபிடித்தவன் நம்ம பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

■■■■■■■■■■■■■■■■

மேலே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். பத்திர வழக்கப்படி, அடித்தல் ஒன்று என்று இங்கே ஒப்பமிடுகிறேன்.

இப்படிக்கு
சீனிச்சாமி


சென்னை
2.4.2025

அன்புள்ள மாமா,

நலம், உங்கள் நலம் எழுதவும். சரியானதில் நிம்மதி.

அடித்த வரியில் என்ன எழுதியிருந்தீர்கள்? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'மதுரை' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது.

நானும் ஒன்று எழுத நினைத்தேன். வேண்டாம்.

அன்புடன்
ஜோதிகா


பரளச்சி வழி
20.6.2025

அன்புள்ள மருமகளுக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. இரண்டரை மாதமாகக் கடுதாசி போடாததற்கு முழங்காலின் மேல் பழி போடலாம் என்றிருந்தேன், அது ஒத்துக்கொள்ளவில்லை. நீ சுகமா?

உன் அம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

மே மாதம் இருபதாம் தேதியிலிருந்து காலையிலும் மூன்று மணிக்கும் தவறாமல் கூப்பிடுகிறாள். நான் ஒன்றும் அறியேன். பூட்டின ரூம் பூட்டினபடி இருந்தது. இந்தத் தடவை குரலிலேயே ஒரு கோபம் தெரிகிறது என்கிறார்கள். எம்.ரெட்டியபட்டி ஷேர் ஆட்டோக்காரன் நம்ம ஊர் விலக்கில் மூன்று மணிக்கு வண்டியை நிறுத்துவதில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து ஆளைக் குதிக்கச் சொல்கிறான். தொட்டியில் உட்காரும் காக்கா எல்லாம் விருதுநகர் ஜில்லாவையே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டது.

இதுவரை எழுதியது விளையாட்டு. இனி எழுதுவது விளையாட்டு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு முத்துப்பேச்சி குடத்தோடு வந்தாள். குழாய் முன்னால் நின்றாள். வழக்கமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். அன்று நின்றவள் நின்றபடியே சரிந்துவிட்டாள். வெயில். அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இன்பராஜ் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "மாமா, நான் பேயி பிசாசு நம்புற ஆளு இல்ல. ஆனா இன்னொரு பொம்பள விழுந்தா நான் பதில் சொல்லணும்" என்றார். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்குள் குரல் சரியாகாவிட்டால் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்சாரச் சங்கு வாங்கி மாட்டப் போகிறார்களாம். வேறு எங்கும் அவள் குரல் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீயே சொன்னாய், பழைய போனோடு மற்றதெல்லாம் போய்விட்டதென்று.

என்ன செய்யட்டும்?

சீனிச்சாமி


சென்னை
28.6.2025

மாமாவுக்கு,

முத்துப்பேச்சி அத்தை எப்படி இருக்கிறார்கள், அதை முதலில் எழுதுங்கள்.

வரி தானாக நகராது. சென்ற முறை நகர்த்தியது உங்கள் பழைய கைப்பழக்கம். இந்த முறை நீங்கள் தெரிந்தே செய்திருக்கிறீர்கள். ரூமின் மூன்று சாவியும் உங்களிடம்தான் இருக்கிறது.

என்ன நினைத்துச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னை வரவழைக்கவா? அப்படியானால் கேட்டுக்கொள்ளுங்கள், நான் ஏன் வரவில்லை என்று. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முதல் நாள் பகல் இரண்டு மணிக்கு உங்களுக்குப் போன் பண்ணி, "டாக்டர் சொன்னா சொன்னதுதான் மாமா, அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு சொட்டுத் தண்ணி குடுத்துராதீங்க" என்று சொன்னது நான். அன்று சாயங்காலமே போய்விட்டார்கள். மறுநாள் காலை நான் வந்து பார்த்தபோது உதடு வெடித்திருந்தது. என் அம்மா தாகத்தோடு போனது என் பேச்சால். அதை நீங்கள் ஒரு நாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாயால் தினமும் இரண்டு முறை, தண்ணீரே இல்லாத ஊரைப் பார்த்துத் தண்ணி வந்துருச்சு என்று சொல்ல வைக்கிறீர்கள். எனக்கு இங்கே அந்த மூன்று மணி கேட்கிறது மாமா. ஆபீஸில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கிறது.

நாலு தட்டு. தட்டிவிடுங்கள். முடியாதென்றால் பெட்டியை அவர்கள் கழற்றட்டும்.

ஜோதிகா


பரளச்சி வழி
2.8.2025

அன்புள்ள ஜோதிகாவுக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. நலம் விசாரிக்க யோக்கியதை இல்லை, இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். முத்துப்பேச்சி எழுந்து நடமாடுகிறாள். அவளிடம் போய் உண்மையைச் சொன்னேன். நகர்த்தியது நான்தான், உன்னை வெயிலில் நிறுத்தியது நான்தான் என்றேன். "தெரியும்ணே. பேயி என்ன கடியாரம் பாத்தா வரும்?" என்றாள். பிறகு ஏன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்றேன். "வெறுங்கையோட வந்து நின்னா பைத்தியம்னு சொல்லுவாகல்ல" என்றாள்.

உனக்குப் பதில் எழுத ஐந்து வாரம் ஆயிற்று. பதினோரு தாள் கிழித்தேன். இது பெரிதாக்கிச் சொன்ன கணக்கில்லை, உள்ள கணக்கு.

அந்த வரியை நாலு இடம் உள்ளே தள்ளியபிறகு ஐம்பத்தெட்டு நாள் பொறுத்தேன். தொட்டி நிறையவில்லை. நிறையாதவரை அவள் பேசமாட்டாள். நீ எழுதினது சரிதான், பெட்டி அதன்படி நடப்பதும் சரிதான். ஆனால் மூன்று மணி ஆனதும் நான் ஸ்பீக்கருக்குக் கீழே போய் உட்கார்ந்து கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு நாளும் உட்கார்ந்தேன். ஐம்பத்தொன்பதாம் நாள் வரியை வெளியே இழுத்துவிட்டேன்.

ஆசையால் இழுத்தேன் என்று நினைக்காதே. அவள் குரல் எனக்கு இனிக்கவில்லை. எனக்கு அது கிடைக்க வேண்டிய அடி. அந்த அடியைத் தினமும் வாங்கினால்தான் சாயங்காலம் சோறு இறங்குகிறது. ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டேன், அது என் பாவம்.

நீ அன்று இரண்டு மணிக்குச் சொன்னாய். நான் சரி என்றேன். மூன்று மணிக்கு அவள் என் கையைப் பிடித்தாள். "நாக்கு ஒட்டுதுலே சீனி" என்றாள். "நாளைக்கு ஆபரேசன் முடிஞ்சதும் ஒரு கொடம் குடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் எது சொன்னாலும் சிரிக்கிறவள், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் கொடுத்துவிட்டேன், ஜோதிகா.

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கொடுத்தேன். ஐந்தரை மணிக்கு உயிர் போய்விட்டது. டாக்டர் கொடுக்காதே என்றார், நீ கொடுக்காதே என்றாய், நான் கொடுத்தேன், அவள் போய்விட்டாள். பங்குனியில் எழுதி அடித்த வரி இதுதான். நீ உன்னால் என்று நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனா என்றும் எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவைக் கொன்றது நான்.

இதற்குப் பிறகு நீ எழுதாவிட்டாலும் தபால்காரரைக் குறை சொல்லமாட்டேன்.

சீனிச்சாமி


சென்னை
7.8.2025

மாமா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் இது. உங்களுக்கு நர்ஸ், டாக்டர் யாரும் எதுவும் விளக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு விளக்கினார்கள். இதயம் நின்றுவிட்டது, ஏற்கெனவே பலவீனமாக இருந்தது, ஆபரேஷன் வரைக்கும் தாங்கியிருக்குமா என்பதே சந்தேகம் என்றார் பெரிய டாக்டர். வயிற்றைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒரு வார்த்தை வரவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நானே அதை நாற்பது தடவை படித்திருப்பேன், அம்மா தாகத்தால் போனார்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடி. நீங்கள் யாரையும் கொல்லவில்லை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள்.

குடித்தார்களா? எதில் கொடுத்தீர்கள்? எவ்வளவு குடித்தார்கள்? நீங்கள் ஊட்டினீர்களா, தானாகப் பிடித்துக் குடித்தார்களா? குடித்த பிறகு ஏதாவது சொன்னார்களா?

பத்து மாதமாக எனக்கு முதல் மடக்குத் தண்ணீர் தொண்டையில் நின்றுதான் இறங்குகிறது.

புதன்கிழமை ராத்திரி பஸ் ஏறி வியாழக்கிழமை காலையில் வாரேன். அம்மா குரலை ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் வருவதற்கு முன்னால் பதில் என் கைக்கு வர வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் போடுங்கள். நேரில் கேட்டால் நீங்கள் கூட்டிச் சொல்வீர்கள். எனக்கு உள்ளது உள்ளபடி வேண்டும்.

உங்கள்
ஜோதிகா


பரளச்சி வழி
9.8.2025

அன்புள்ள ஜோதிகாவுக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. இவ்விடம் சுகம். உன் கடுதாசி இன்று காலை வந்தது. படித்துவிட்டு நேராக ரூமுக்குப் போய் நாலு தட்டுத் தட்டினேன். சேமித்தேன். பிறகு இன்பராஜை வரச்சொல்லி, கடைசி வரி எங்கே நிற்கிறதென்று காட்டினேன். "தண்ணி இருக்கும்போது அத்த கூப்புட்டா யாருக்கு என்ன வலிக்குது, இருக்கட்டும்" என்றார். மூன்று மணிக்கு ஊர் சத்தமில்லாமல் இருந்தது. நான் வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

நீ கேட்டதற்கு, உள்ளது உள்ளபடி.

கடையில் வாங்கின பிளாஸ்டிக் பாட்டில். அரை லிட்டர். முதலில் மூடியில் ஊற்றி உதட்டில் வைத்தேன். இரண்டு மூடி குடித்தாள். மூன்றாவது மூடியைத் தள்ளிவிட்டாள். போதும் போல என்று பாட்டிலை எடுக்கப் போனேன். என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஊசி குத்தின கைதான், அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நான் முதுகைத் தாங்கிப் பிடித்தேன். அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள், திரும்பக் குடித்தாள். பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதை உள்ளங்கையில் ஊற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீ பார்த்த உதட்டு வெடிப்பு, தண்ணீர் குடிக்கும் முன்னால் அன்று காலையிலேயே இருந்தது.

சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெறும் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மதுரைத் தண்ணி சப்புன்னு கெடக்குலே. இதக் குடிச்சிட்டு இவுக எப்படித்தான் பொழைக்கிறாகளோ."

உன் மாமன்
சீனிச்சாமி